பருப்புப் போளியும் கொழும்பு ஈரமும்

கொழுக்கட்டை, மோதகம், பயற்றம் பணியாரம் என்றால் கொழும்பில் எந்தத் தமிழ் வீட்டிலும் கைப்பக்குவம் சொல்லித்தர ஒரு ஆளாவது இருக்கும். போளிக்கு அப்படி ஆள் கிடைப்பது கஷ்டம். மராட்டியர் ஹோலிக்குச் சுடும் பூரண் போளி, கன்னடர் உகாதிக்குச் செய்யும் ஒப்பட்டு, தெலுங்கரின் பொப்பட்டு, தமிழ்நாட்டில் போகியன்று சுடும் போளி எல்லாம், மாவுக்குள் இனிப்புப் பூரணம் வைத்துத் தட்டையாகச் சுடும் ஒரே குடும்பத்துப் பலகாரம்தான். செய்முறை எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் ஊர்ப் பருப்பையும் வெல்லத்தையும் மாவையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். அந்த அளவுகளைத் தூக்கிக்கொண்டு வந்து வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டுக் குசினிக்குள் வைத்தால் ஒன்றோடொன்று ஒத்துவராது. வீட்டுப் பூசைக்குப் போளி தருகிறேன் என்று ஒத்துக்கொண்டு, உதவிக்கு ஒருவரும் இல்லாமல் இரவிரவாக நின்று, பருப்பும் நெய்யும் வெல்லமுமாக ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் குப்பை வாளிக்குள் போனபோது கோபம்தான் வந்தது. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே, ஒருவராவது ஈரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கக் கூடாதா என்ற கோபம். எல்லோரும் பயப்படுவது தட்டுகிற கைக்கு. தட்டும்போது கிழிகிற போளி உண்மையில் அதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே கெட்டுப்போனது. பருப்பு எவ்வளவு தண்ணீர் குடித்தது, வெல்லம் எவ்வளவு விட்டது, அடுப்பில் எவ்வளவு போனது என்ற கணக்கு பிழைத்த போளி அது.

முதல் தலையிடி பருப்பு. கொழும்புக் கடைகளில் வடைக்கென்று விற்கும் மஞ்சள் பருப்பில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று உண்மையான கடலைப்பருப்பு. மற்றது மஞ்சள் பட்டாணியை உடைத்தது. "இதுவும் கடலைப்பருப்புத்தான் அக்கா, எல்லாரும் வடைக்கு இதைத்தானே கொண்டுபோகினம்" என்று கடைத் தம்பி சொன்னதில் பொய் இல்லை, வடைக்கு இரண்டும் சரிவரும். போளிக்குப் பட்டாணிப் பருப்பு ஆகாது. ஊறப்போட்டால் சீக்கிரம் வேகும், வெந்ததும் உருத்தெரியாமல் கரையும், கரையும்போது தண்ணீரை உள்ளே பிடித்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு வடித்தாலும் அந்தத் தண்ணீர் வெளியே வராது. பச்சைப் பட்டாணி வாசம் ஏலக்காயையும் தாண்டி நிற்கும். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பட்டாணிப் பருப்பின் முதுகு வழவழவென்று பாதி உருண்டை போல இருக்கும், நிறம் வெளிறிய ஒரே மஞ்சள். கடலைப்பருப்பின் முதுகில் மெல்லிய சுருக்கம் இருக்கும், ஒரு முனை சற்றுக் கூர்ந்து நிற்கும், நிறமும் கொஞ்சம் அடர்த்தி. பொதி கட்டி வைத்ததை வாங்காமல், புறக்கோட்டை 4ஆம், 5ஆம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளில் சாக்கில் கையை விட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. நாள்பட்ட பருப்பும் வேண்டாம். அது எவ்வளவு நேரம் வெந்தாலும் நடுவில் ஒரு கல் நிற்கும், அந்தக் கல்தான் பிறகு மேல் மாவைக் குத்திக் கிழிக்கும்.

12 போளிக்குக் கணக்குச் சொல்கிறேன். கடலைப்பருப்பு 200 கிராம், இரண்டு மணித்தியாலம் ஊறவேண்டும். பிறகு ஒரு லீற்றர் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் அவிக்கவேண்டும். அரை மணித்தியாலம் அளவில் பதம் வரும். இருபதாவது நிமிடத்திலிருந்தே ஒன்றை எடுத்து விரலால் அமத்திப் பார்க்கத் தொடங்குங்கள். உருக் குலையாமல் இருக்கவேண்டும், அமத்தினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இல்லாமல் மசியவேண்டும். பிரஷர் குக்கர் நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் திறந்து பார்க்க முடியாத பாத்திரத்தில் இந்தப் பதத்தைப் பிடிக்க முடியாது. ஒரு விசில் கூடினால் கஞ்சி. அப்பச்சோடா போட்டு அவிக்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள், அதுவும் பருப்பைக் குழைத்துவிடும். பருப்பு முழுதாக வேகும்வரை வெல்லத்தைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. இனிப்பு ஏறினால் பருப்பு அதற்குப் பிறகு மென்மையாவது நின்றுபோகும். கொழும்புக் குழாய்த் தண்ணீரில் இந்த நேரக் கணக்கு சரிவரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட வைக்கவேண்டும்.

வெந்ததும் கண் பெரிய வடியில் கொட்டி இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். இடையில் ஒரு தடவை கிளறிவிட்டால் அடியில் தேங்கியதும் இறங்கும். வடித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். மராட்டியர் அதில் கட்டாச்சி ஆம்டி என்று ஒரு புளிக்குழம்பு வைப்பார்கள், கன்னடர் ஒப்பட்டுச் சாறு வைப்பார்கள். நாங்கள் மிளகும் உள்ளியும் தட்டிப்போட்டு ரசம் வைத்தாலும் அருமையாக இருக்கும். இப்போது பருப்பைத் தராசில் வையுங்கள். 420 முதல் 450 கிராம் வரை நின்றால் சரியான பதம். 500ஐத் தாண்டினால் அளவுக்கு மேல் குடித்துவிட்டது. அதைச் சுத்தமான துணியில் பரப்பி மின்விசிறிக்குக் கீழ் ஒரு பத்து நிமிடம் வைக்கலாம், மிச்சத்தை அடுப்பில் வற்றவைக்கவேண்டி வரும். சமையலறைத் தராசு இல்லாத வீட்டில் போளி செய்யக் கூடாது என்று சொல்லமாட்டேன். இருந்தால் பாதி வேலை குறையும்.

அரைப்பது சூடு ஆறும் முன்பே நடக்கவேண்டும், ஆறின பருப்பு குருணையாக நிற்கும். கிரைண்டரில் ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாமல், விட்டு விட்டு ஓட்டுங்கள். பிறகு நிச்சயமாக அரிதட்டில் தேய்த்து எடுங்கள். கை வலிக்கிற வேலைதான். ஆனால் போளிக்குள் இருக்கிற ஒரே ஒரு அரைபடாத பருப்புத் துண்டு, தட்டும்போது சரியாக அந்த இடத்தில் ஓட்டை போடும்.

வெல்லத்துக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் ஊரில் கூடிய சிக்கல் இதில்தான். குறிப்புகளில் வருவது கரும்பு வெல்லம். புறக்கோட்டையிலும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் இந்திய வெல்லம் கிடைக்கிறது. அது கையில் இருந்தால் 200 கிராம் பருப்புக்கு 180 கிராம் போதும். வீட்டில் கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி கிடக்கிறதே என்று அதைப் போட எல்லோருக்கும் ஆசை வரும், வாசமும் அபாரம். ஆனால் அது மென்மையானது, உள்ளே ஈரம் கூட, காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்று நன்றாக இருக்கிற போளி, மறுநாள் கசிந்து பிசுபிசுக்கும். கித்துள்தான் வேண்டும் என்றால் அளவை 160 கிராமாகக் குறைத்து, பூரணத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக எடுங்கள். சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் தாராளமாக ஓடுகிறது. உடைத்த முகத்தில் சீனி மணி போல மினுங்கினால் சந்தேகப்படுங்கள். அந்தக் கட்டியில் செய்த பூரணம் ஆறும்போது மணல் போலக் கரகரக்க வாய்ப்பு உண்டு. பனங்கட்டியில் லேசான உவர்ப்பு இருக்கும். அது எனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ஆகவே பாதிக்குப் பாதி வெல்லம் கலந்தால் இரண்டு பக்கமும் சமாதானம். எதைப் போட்டாலும் சீவி, கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டாமல் போடக் கூடாது. மண், நார், சில நேரம் ஒரு எறும்புக் குடும்பம்கூட வடியில் நிற்கும்.

கரைத்த வெல்லப்பாகை அடி கனத்த தாச்சியில் கொதிக்கவிட்டு, நுரை கட்டி லேசாகத் தடித்ததும் அரைத்த பருப்பைக் கொட்டிக் கிளறவேண்டும். கம்பிப் பதம் வரைக்கும் போகத் தேவையில்லை. கொட்டியவுடன் எல்லாம் இளகிக் கூழாகும், அதைப் பார்த்துப் பயந்து மாவைக் கொட்டுகிறவர்கள் பலர். பொறுத்திருங்கள். நடுத்தரச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அடி பிடிக்காமல் கிளறினால் திரண்டு வரும். இறக்குகிற நேரம் எப்போது என்பதைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். கரண்டி நிமிர்ந்து நிற்கவேண்டும், தாச்சியை விட்டு விலகவேண்டும், எல்லாம் சரி, ஆனால் மழைக்கால இரவில் கண்ணால் பார்த்து இதை நிதானிப்பது சுலபம் இல்லை. ஆகவே வெறும் தாச்சியை முன்பே நிறுத்துக் குறித்துவைத்துக்கொண்டு, பூரணம் 530 முதல் 550 கிராமுக்கு வந்ததும் இறக்குங்கள். இது பிழைக்காது. இறக்கும்போது வேண்டிய பதத்தைவிடக் கொஞ்சம் இளக்கமாகவே இருக்கவேண்டும், ஆற ஆற இறுகும். ஏலக்காய் ஐந்தாறு பொடி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி நெய் இறக்கிய பிறகு. ஆறினதும் உருட்டிப் பாருங்கள். கையில் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப அடுப்புக்குப் போகலாம், அல்லது வறுத்த கடலை மா ஒரு மேசைக்கரண்டி சேர்க்கலாம். வெடித்து உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. இளஞ்சூடான பாலைத் தேக்கரண்டிக் கணக்கில் தெளித்துப் பிசைந்தால் திரும்பும். கொழுக்கட்டைக்கு உள்ளே வைக்கும் உள்ளுடன் செய்து பழகிய கைக்கு ஒரு எச்சரிக்கை: அந்த உதிரிப் பதம் இதற்கு ஆகாது. கொழுக்கட்டையை மூடினால் போதும், போளியில் பூரணம் மாவோடு சேர்ந்து பரவவேண்டும்.

மாவிலும் இந்தியக் குறிப்பு எங்களைக் குழப்பும். இங்கே கோதுமை மா என்று கேட்டால் தருகிற வெள்ளை மாதான் அவர்களுடைய மைதா. அவர்கள் கோதுமை மாவு என்றால் எங்கள் ஆட்டா மா. மெல்லிய, மஞ்சள் நிறத் தென்னிந்தியப் போளிக்கு வெள்ளை மா 200 கிராம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 130 மில்லிலீற்றர், நல்லெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. ரொட்டி மாவை நினைத்துக்கொண்டு பிசைந்தால் இது தளரத் தளர, கையில் ஒட்டிக்கொண்டு வரும். மா கூடப் போடாதீர்கள், அப்படித்தான் இருக்கவேண்டும். எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு எட்டுப் பத்து நிமிடம் இழுத்து மடித்துப் பிசைந்தால் ஒட்டுவது நின்று, தொங்கவிட்டால் மெதுவாக நீளும். பிறகு மேலே இன்னும் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி மூடி இரண்டு மணித்தியாலமாவது விட்டுவிடவேண்டும். காலி வீதியில் வீச்சு ரொட்டி போடுகிறவர்கள் உருண்டைகளை எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வித்தைதான். பிசைந்த உடனே மா ரப்பராக இழுத்து, தட்டத் தட்டச் சுருங்கிப் பின்வாங்கும். ஊறினால் அந்த முறுக்கு தளரும், எண்ணெய் மேலே காயவிடாமல் காக்கும். பாண் போடத் தோதான வலுவான மாவுக்கு மூன்று மணித்தியாலம் கொடுங்கள். நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் அரை மணித்தியாலத்தில் எடுத்த மாவில் எந்தக் கைகாரரும் போளி தட்ட முடியாது. ஆட்டா மாவில் செய்தால் தண்ணீரை 150 வரைக்கும் கூட்டவேண்டும், தட்டாமல் பூரிக்கட்டையால் அரிசி மா தூவி உருட்டவேண்டும். அது மராட்டியர் வழி, கொஞ்சம் தடிப்பாக வரும், நாட்டுப்புறச் சுவை. எனக்கு வெள்ளை மாதான் விருப்பம்.

தட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மாவையும் பூரணத்தையும் ஒவ்வொரு விரலால் ஒரே நேரத்தில் அமத்துங்கள். இரண்டும் ஒரே அளவு அமுங்கவேண்டும். பூரணம் கடினமாக இருந்தால் அது நடுவில் நின்றுகொள்ளும், மா மட்டும் ஓரத்துக்கு ஓடும். மா கடினமாக இருந்தால் பூரணம் பிதுங்கி வெளியே வரும். சரியாக இல்லாவிட்டால் தட்டத் தொடங்காதீர்கள், எது பிழையோ அதைத் திருத்திவிட்டு வாருங்கள். பூரணத்தை 45 கிராம், மாவை 30 கிராம் உருண்டைகளாகப் பிரித்து வைத்துக்கொண்டால், பிறகு எண்ணெய்க் கையோடு அளக்கவேண்டி வராது. மா உருண்டையை உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பும்போது ஓரத்தை மெல்லியதாகவும் நடுவைச் சற்றுத் தடிப்பாகவும் விடுங்கள். பூரணத்தை வைத்து ஓரங்களைக் கூட்டி மூடினால் மேலே ஒரு வால் வரும். அதைத் திருகிக் கிள்ளி எடுத்துவிடவேண்டும். அமத்தி உள்ளே விட்டால் அந்த இடம் வேகாத மா முடிச்சாக நிற்கும். மூடிய பக்கம் கீழே இருக்க வாழையிலையிலோ பேப்பரிலோ வையுங்கள். விரல் நுனிகளில் எண்ணெய் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இலையையோ பேப்பரையோ சுழற்றிக்கொண்டே தட்டினால் ஆறேழு அங்குலம் வரும்.

வாழையிலையில் தட்டினால் இலையை முதலில் நெருப்பில் வாட்டிக்கொள்ளுங்கள், வாட்டாத இலை நரம்போடு கிழிந்து போளியையும் கிழிக்கும். முன்பு சோறு கட்டும் லஞ்ச் சீட்டில் தட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அது 2017இல் தடைசெய்யப்பட்ட பொலித்தீன், அதோடு சூடான தோசைக்கல்லில் பட்டால் உருகி ஒட்டிவிடும், கையில் வாங்கித்தான் மாற்றவேண்டும். பேக்கிங் பேப்பர் சதுரங்களாக வெட்டி வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சுகம். பேப்பரோடு தூக்கிக் கல்லில் கவிழ்த்து, அரை நிமிடம் விட்டால் தானாகக் கழன்று வரும். நன்றாகத் துடைத்தால் அதே சதுரம் அடுத்த போளிக்கும் ஆகும்.

சூடு நடுத்தரத்துக்கு ஒரு படி மேலே. சூடு குறைந்தால் போளி அதிக நேரம் கல்லில் கிடந்து காய்ந்து, ஆறியதும் அப்பளம் போல விறைக்கும். மென்மை போய்விட்டதே என்று நெய்யை ஊற்றுவார்கள், நெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சூடு கூடினால் வெல்லம் கசியும் இடம் எல்லாம் கரியும், அந்தக் கசப்பு அடுத்த போளிக்கும் ஒட்டும். ஒரு பக்கம் ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம், பொன் பொட்டுகள் வந்ததும் அகலத் தட்டகப்பையால் திருப்பி ஓரத்தில் அரைத் தேக்கரண்டி நெய். சரியாக மூடின போளி இரண்டாம் பக்கத்தில் லேசாக எழும்பும். ஒவ்வொன்றுக்கும் இடையில் ஈரத் துணியால் கல்லைத் துடைக்கவேண்டும், இதில் சோம்பல் பட்டால் ஐந்தாவது போளியிலிருந்து எல்லாம் கறுப்பு. இரும்புக் கல்லில் நிறம் நன்றாக வரும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு ஒட்டாத கல்தான் நிம்மதி.

தேங்காய்ப் போளிக்கு மேல் மா இதே மாதிரிதான். இரண்டு கப் தேங்காய்ப்பூவுக்கு ஒரு கப் சீவிய வெல்லம். வெள்ளைப் பாகத்தை மட்டும் துருவி, தாச்சியில் ஈரம் போக இரண்டு நிமிடம் வறுத்த பிறகு வெல்லத்தைச் சேருங்கள். நார் நீளமாக இருந்தால் கிரைண்டரில் ஒரு சுற்று விடவேண்டும், இல்லாவிட்டால் மாவைக் கிழிக்கும். கூட நேரம் கிளறினால் எண்ணெய் பிரியும், அது வந்தால் மூடவே முடியாது.

பூசை, விழா என்று கூடக் கணக்கில் செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய நினைக்கவேண்டாம். பூரணத்தை முதல்நாளே செய்து உருட்டி, மூடி பிரிட்ஜில் வைக்கலாம். தட்டுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் வெளியே எடுக்கவேண்டும், குளிர்ந்த பூரணம் கல்லு மாதிரி இருக்கும், விரல் சோதனையில் தோற்கும். மாவை அன்று காலையில் பிசையலாம். ஒரு கல், ஒரு ஆள் என்றால் தட்டிச் சுட்டு எடுக்க ஒரு போளிக்கு ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது போளி என்றால் ஐந்து மணித்தியாலம், நின்ற கால். இதை ஒருவரும் எழுதுவதில்லை. இன்னொரு கல்லும் இன்னொரு கையும் இல்லாமல் முப்பதுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்த மாமி கேட்டாலும்.

சுட்டதைச் சூட்டோடு அடுக்கினால் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டும். சுளகில் துணி விரித்து ஒவ்வொன்றாகப் பரப்பி, ஆறின பிறகு இடையில் பேப்பர் வைத்து அடுக்குங்கள். பனையோலைப் பெட்டி இருந்தால் அதில் வைப்பது பிளாஸ்டிக் டப்பாவைவிட நல்லது. கொழும்பு வெக்கையில் பருப்புப் போளி வெளியே ஒரு நாள்தான் தாங்கும், தேங்காய்ப் போளியை அன்றே முடித்துவிடவேண்டும். பிரிட்ஜில் பருப்புப் போளி நான்கு நாள் நிற்கும், பிரீசரில் ஒரு மாதம். எடுத்துச் சூடாக்கும்போது மைக்ரோவேவ் வேண்டாம், அது மேல் மாவைத் தோல் மாதிரி ஆக்கும். மிதமான கல்லில் பக்கத்துக்கு அரை நிமிடம், ஒரு சொட்டு நெய்யோடு.